யோனாவின் கோபம்

மேனாம்பேட்டில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையின் பெஞ்சில், போன வாரம் ஒரு நோட்டீஸ் கிடந்தது. யாரோ காலையில் விநியோகித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே பஜ்ஜி எண்ணெய், கீழே டீக்கறை. ஒரு பக்கம் முழுக்கப் படங்கள்: வெள்ளத்தில் மிதக்கும் கார், இடிந்த மாடி வீடு, கடற்கரையில் தலையில் அடித்துக்கொண்டு அழும் ஒரு பெண். மறுபக்கம் பொடி எழுத்தில் நெருக்கி அடித்த நாலு பத்தி. தலைப்பு: தேவனுடைய சர்வ ஏகாதிபத்தியம்.

எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. காரணம், நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே அம்பத்தூர் எஸ்டேட் சுவர்களில்தான். சிவப்புச் சாயத்தில் ஆளுயரத்துக்கு எழுதியிருப்பார்கள், 'ஏகாதிபத்தியம் ஒழிக' என்று. இன்றைக்கும் அந்த வார்த்தையைப் பார்த்தால் தொழிற்சங்கமும் வியட்நாமும்தான் ஞாபகம் வரும். அதையே தேவனுடைய லட்சணமாகப் பார்த்ததில் ஒரு கணம் தடுமாறிவிட்டேன். ஏகம் என்றால் ஒன்று. அதிபதி என்றால் தலைவன். ஒரே தலைவன், அவன் வைத்ததே சட்டம். இப்போது 'இறையாண்மை' என்று எழுதுகிறார்கள். அதுவும் நாடாளுமன்ற வாடை அடிக்கிற சொல்தான்.

நோட்டீஸ் சொன்ன விஷயம் இது. கடவுள் குயவன், நாம் களிமண். எந்தப் பானையை வைத்துக்கொள்வது, எதை உடைப்பது என்பது அவர் இஷ்டம். ஏன் என்று பானை கேட்க முடியாது. இதுவரை சரி. அடுத்த பத்தியில் ஒரு தாவல். 2004 சுனாமி, 2015 வெள்ளம் இரண்டுமே அவர் கொடுத்த நியாயத்தீர்ப்பு. செத்தவர்கள் தீர்க்கப்பட்டவர்கள். பிழைத்தவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள். ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை இன்ன முகவரிக்கு வாருங்கள்.

"என்ன சார் போட்டிருக்கு அதுல?" என்று கேட்டார் டீக்கடை அக்கா. கண்ணாடி போடாமல் பொடி எழுத்து அவருக்குத் தெரியாது.

அக்காவின் அண்ணனும் அண்ணியும் 2004 கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போனவர்கள். வேண்டுதல். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலில் கால் நனைக்கப் போனார்கள். அவ்வளவுதான்.

"ஏதோ சபை நோட்டீஸ்க்கா" என்று சொல்லி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பைபிளைப் பரீட்சைக்காகவும், பிற்பாடு தமிழுக்காகவும் படித்தவன். ஒரு புத்தகத்தை அரைகுறையாக மேற்கோள் காட்டினால் வருகிற எரிச்சல் எனக்கும் வந்தது. எனவே இந்த வாரம் புத்தக விமர்சனம் இல்லை, நோட்டீஸ் விமர்சனம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுதியவர் சும்மா எழுதவில்லை, வசனம் தெரிந்தவர். குயவன் உவமை பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. கிறிஸ்தவ வேதத்தில் இதைவிடக் கறாரான அதிகாரம் கிடையாது. ஏசா, யாக்கோபு என்று இரட்டைப் பிள்ளைகள். பிறக்கும் முன்பே, நல்லதோ கெட்டதோ எதுவும் செய்யும் முன்பே, இளையவன் என்று தீர்மானமாகிவிடுகிறது. பார்வோனின் மனதைக் கடினப்படுத்தியதும் கடவுள்தான். ஒரே களிமண் உருண்டையிலிருந்து ஒரு பாத்திரத்தைக் கௌரவமான வேலைக்கும் இன்னொன்றை மட்டமான வேலைக்கும் வனையக் குயவனுக்கு உரிமை உண்டு என்கிறார் பவுல். நியாயமா என்று கேட்கிறவரை, நீ யாரப்பா கேட்க என்று வாயடைக்கிறார்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சின்ன வழுக்கல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் கடவுள் சிலரைத் 'தெரிந்துகொள்கிறார்' என்று வரும். இன்றைக்கு 'தெரிந்துகொள்வது' என்றால் அறிந்துகொள்வது. கடவுளுக்கு ஏதோ இப்போதுதான் விஷயம் தெரியவந்தது போலப் படும். ஆனால் தெரிதல் என்றால் ஆராய்ந்து பொறுக்கி எடுத்தல். திருக்குறளில் அரசன் ஆளை எப்படிப் பொறுக்குவது என்பதற்கு 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வள்ளுவரின் அரசன் குணத்தையும் குற்றத்தையும் எடை போட்டுப் பொறுக்குகிறான். பவுலின் கடவுள் எடை போடாமலே பொறுக்குகிறார். அதுதான் அந்த அதிகாரத்தின் அதிர்ச்சி.

சரி, நோட்டீஸ்காரர் எங்கே தவறுகிறார்? அந்த அதிகாரம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும். பவுல் அழுதுகொண்டு ஆரம்பிக்கிறார். தன் சொந்த ஜனங்கள், தான் பிறந்த இனம், தான் நம்புவதை நம்பவில்லை. அதனால் நெஞ்சில் ஓயாத வேதனை என்கிறார். அவர்களுக்குப் பதிலாகத் தான் சபிக்கப்பட்டுத் தள்ளுண்டு போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குப் போகிறார். குயவன், களிமண் எல்லாம் அந்த அழுகைக்கு அப்புறம். பிறகு இரண்டு அதிகாரம் தள்ளி, பதினொன்றின் கடைசியில், எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்துப் போட்டதே எல்லார் மேலும் இரக்கம் காட்டத்தான் என்று ஒரு திருப்பம். அதோடு வாதத்தை நிறுத்திவிட்டு, இவர் வழிகளை யாரால் அளக்க முடியும் என்று வியந்து கைகூப்பிவிடுகிறார். ஒன்பதில் ஏறிப் பதினொன்றில் இறங்க வேண்டிய பஸ். நம் ஆள் நடுவில் ஒரு ஸ்டாப்பிங்கில் இறங்கிவிட்டார்.

குயவன் பவுலுக்குச் சொந்தமும் இல்லை. அவருக்கு அறுநூறு வருஷம் முன்னால் எரேமியா தீர்க்கதரிசி ஒரு குயவன் வீட்டுக்குப் போகிறார். சக்கரத்தில் வனைந்துகொண்டிருக்கும்போதே பாண்டம் கெட்டுப்போகிறது. குயவன் தூக்கி எறியவில்லை. அதே மண்ணைத் திரட்டி வேறொன்று வனைகிறான். எரேமியாவுக்குக் கிடைக்கும் விளக்கம் இன்னும் சுவாரஸ்யம்: ஒரு தேசத்தை அழிப்பேன் என்று நான் சொல்லியிருந்தாலும், அது திருந்தினால் நானும் என் முடிவை மாற்றிக்கொள்வேன். உவமை அதேதான். ஆனால் இங்கே குயவனின் உரிமை என்பது பானையை உடைக்கும் உரிமை மட்டும் இல்லை. தீர்ப்பை மாற்றி எழுதும் உரிமையும்தான்.

கடவுள் இப்படி மனம் மாறுவதைப் பழைய தமிழ் பைபிள் 'மனஸ்தாபப்பட்டார்' என்று சொல்லும். இப்போது நாம் மனஸ்தாபம் என்றால் மாமியார் மருமகள் சமாசாரம். 'ரெண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம்' என்போம். மனஸ் என்றால் மனம், தாபம் என்றால் சூடு. தான் சொன்ன தண்டனையை நினைத்துத் தன் மனமே கொதித்தல். நம் காதில் சண்டையாக விழுகிற சொல், அங்கே இரக்கத்தின் பெயர்.

அந்தச் சொல் முக்கியமாக வருகிற இன்னோர் இடம் யோனாவின் புத்தகம். நோட்டீஸ்காரரை உட்காரவைத்து ஒரே ஒரு புத்தகத்தைப் படிக்கச் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நாலே அதிகாரம், 48 வசனம். எஸ்டேட் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாரிமுனை போவதற்குள் இரண்டு தடவை படித்துவிடலாம். எல்லாரும் மீனை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். மீன் வருவது மொத்தமே மூன்று வசனம்தான்.

கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். யோனா, நினிவே நகரத்துக்குப் போய் அது அழியப் போகிறது என்று அறிவி என்கிறார் கடவுள். யோனா நேர் எதிர்த் திசையில் கப்பல் ஏறுகிறார். புயல். மாலுமிகள் சீட்டுப் போட, யோனா பெயர் வருகிறது. கடலில் தூக்கிப் போடுகிறார்கள். மீன் விழுங்கி மூன்று நாள் கழித்துக் கரையில் கக்குகிறது. வேறு வழியில்லாமல் நினிவேக்குப் போய், நாற்பது நாளில் ஊர் அழியும் என்று ஒற்றை வரிப் பிரசங்கம் செய்கிறார். உலகத்திலேயே மிகச் சோம்பலான, மிக வெற்றிகரமான பிரசங்கம் அது. ராஜா முதல் கூலிக்காரன் வரை சாக்கு உடுத்தி உபவாசம் இருக்கிறார்கள். ஆடு மாட்டுக்கும் சாக்கு கட்டிவிடுகிறார்கள். கடவுள் மனஸ்தாபப்படுகிறார். ஊர் பிழைக்கிறது.

இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு நீதிக்கதை. நாலாவது அதிகாரம்தான் இதை இலக்கியமாக்குகிறது. யோனாவுக்கு மகா கோபம். எனக்கு இது முன்னாடியே தெரியும், நீர் இப்படி மன்னித்துத் தொலைப்பீர் என்றுதான் நான் அன்றைக்கே ஓடினேன், என்னைக் கொன்றுவிடும் என்கிறார். அவர் ஓடியதற்குக் காரணம் பயம் என்று இதுவரை நினைத்திருந்தோம். இல்லை. கடவுள் தண்டிக்க மாட்டாரோ என்கிற சந்தேகம்!

யோனாவைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நினிவே யாருடைய ஊர் என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். அசீரியரின் ஊர். கி.மு. 722 வாக்கில் யோனாவின் நாடான வட இஸ்ரவேலை அடியோடு அழித்தவர்கள். கி.மு. 701இல் சனகெரிப் லாகீஸ் என்ற ஊரைப் பிடித்ததை நினிவே அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்தான். அந்தப் பலகைகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கைதிகளை உயிரோடு தோல் உரிப்பதை, கழுவில் ஏற்றுவதை, பெண்களும் குழந்தைகளும் மூட்டையோடு நடத்திச் செல்லப்படுவதைப் பொறுமையாக, பெருமையாகச் செதுக்கியிருக்கிறார்கள். யோனா கதையை எழுதினவரும் முதலில் கேட்டவர்களும் இதெல்லாம் நடந்து முடிந்ததை அறிந்தவர்கள் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. முள்ளிவாய்க்காலில் 2009இல் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய், உன் பிள்ளையைக் கொன்றவர்களை மன்னித்தாகிவிட்டது, நீயே போய் அவர்களிடம் சொல்லிவிட்டு வா என்றால் எப்படி இருக்கும்? யோனாவின் கோபத்துக்கு அந்த எடை உண்டு. அந்தக் கோபத்தைப் புத்தகம் கேலி செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். கடவுள் அவரைத் திட்டவே இல்லை.

பதிலுக்கு ஒரு செடி முளைக்கிறது. ஊருக்கு வெளியே, இந்த ஊர் என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கும் யோனாவுக்கு நிழலாக ஒரே ராத்திரியில் ஒரு செடி. நம் பைபிளில் அது ஆமணக்கு. ஆங்கில ஜேம்ஸ் ராஜா பைபிளில் சுரைக்கொடி. லத்தீனில் ஜெரோம் அதை வேறொரு கொடியாக மாற்றப்போய், வட ஆப்பிரிக்காவில் ஒரு சபையில் கலாட்டாவே ஆகிவிட்டது என்று அகஸ்டீன் அவருக்குக் கடிதம் எழுதினார். எத்தனையோ நூற்றாண்டாகச் சுரைக்காய் என்று கேட்டுவந்த ஜனங்கள் திடீரென்று மாற்றினால் விடுவார்களா? மூல எபிரேயச் சொல்லுக்கு ஆமணக்குதான் பொருத்தம் என்று இப்போது பலரும் ஏற்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் பக்கம் ஒரு ஓட்டு. எங்கள் மேனாம்பேட்டில் எந்தக் காலி மனையைப் பார்த்தாலும் ஆமணக்கு மண்டிக் கிடக்கும். நேற்று இல்லாதது இன்று இடுப்பளவு நிற்கும். கதைக்கு அது ஏன் சரியான செடி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் ஒரு புழு அரித்துச் செடி வாடிவிடுகிறது. வெயிலும் கீழ்க்காற்றும் மண்டையைப் பிளக்க, யோனா மறுபடி செத்துப்போகிறேன் என்கிறார். அப்போது கடவுள் கேட்கிறார்: நீ நடாத, தண்ணீர் ஊற்றாத ஒரு செடிக்கு இவ்வளவு வருத்தப்படுகிறாயே, வலது கை எது இடது கை எது என்று தெரியாத ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரும், அது போக ஏராளமான மிருகங்களும் இருக்கிற ஊருக்கு நான் வருத்தப்படக் கூடாதா?

புத்தகம் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று இல்லை.

இந்தச் சின்னப் புத்தகத்தில் கடவுளின் ஏகாதிபத்தியத்துக்குக் குறைவே கிடையாது. புயலை ஏவுகிறார், வருகிறது. மீனை, செடியை, புழுவை, கீழ்க்காற்றை நியமிக்கிறார். எபிரேயத்தில் நாலுக்கும் ஒரே வினைச்சொல். ஒன்று விடாமல் எல்லாம் கீழ்ப்படிகின்றன. கீழ்ப்படியாத ஒரே ஜீவன் தீர்க்கதரிசி. ஆனால் கடைசியில் அவரை மட்டும் கடவுள் நியமிக்கவில்லை. மீனுக்கும் புழுவுக்கும் கட்டளை, மனிதனிடம் கேள்வி. அதையும் ஒரு தடவை இல்லை, நீ கோபப்படுவது சரியா என்று செடிக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. பானை குயவனைக் கேள்வி கேட்கக் கூடாது, சரி. இங்கே குயவன் பானையைக் கேட்கிறான். இந்தக் காட்சிக்கு நோட்டீஸில் இடமே இல்லை.

யூதர்கள் பாவ நிவர்த்தி நாளின் பிற்பகலில் இந்தப் புத்தகத்தை முழுக்க வாசிக்கிறார்கள். குரானிலும் யூனுஸ் நபியின் ஜனங்கள் மன்னிக்கப்பட்ட கதை உண்டு. பக்கத்துக் கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவர்கள் வருஷா வருஷம் நினிவே ஜனங்களின் ஞாபகமாக மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். குறவிலங்காடு தேவாலயத்தில் அப்போது ஒரு மரக் கப்பலைத் தோளில் தூக்கி, புயலில் ஆடுகிற மாதிரி ஆட்டி ஆட்டி ஊர்வலம் வருவார்கள். யோனா பட்ட பாடு. நோன்பு இருப்பது யோனாவைப் போல அல்ல, நினிவேக்காரர்களைப் போல என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தங்களைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு பைபிளின் கடவுள் சாதுவானவர் என்று நான் ஜோடிக்கத் தயாரில்லை. யோனாவுக்கு இரண்டு புத்தகம் தள்ளி நாகூம் இருக்கிறது. நினிவே அழிவதைக் கைதட்டிக் கொண்டாடுகிற புத்தகம். கி.மு. 612இல் நினிவே நிஜமாகவே தரைமட்டமானது. நோவா காலத்து வெள்ளத்தில் கைக்குழந்தைகளும் மூழ்கியிருக்க வேண்டும். எகிப்தின் தலைப்பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஆறாம் வகுப்பில் கேட்டேன். உட்கார் என்றார் ஆசிரியர். இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த நூலைத் தொகுத்தவர்கள் நாகூமை வைத்த அதே கட்டில் யோனாவையும் வைத்தார்களே, ஒன்றால் மற்றதை அடிக்கவில்லையே, அந்த நேர்மை நோட்டீஸில் இல்லை.

இது தீர்ப்பு. இரட்சிப்பு? பிழைத்தவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்கிறதே நோட்டீஸ். நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி ஆளைத் தின்றுவிடக்கூடியது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசி ஒட்டுப் போடும் தொழில் செய்த ஜான் பன்யன், கூட்டம் போட்டுப் பிரசங்கம் செய்ததற்காக இங்கிலாந்தில் 1660இலிருந்து பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் இருந்தவர். அங்கே எழுதிய சுயசரிதையில், தன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையோ, கதவு மூடிவிட்டதோ என்று வருஷக்கணக்கில் தவித்ததைச் சொல்கிறார். 1678இல் வந்த அவருடைய மோட்சப் பயணக் கதையில் இரும்புக் கூண்டில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். இனி தன்னால் மனம் திரும்பவே முடியாது என்று நம்புகிறவன். அவனைச் சந்தித்த பிறகு கதாநாயகன் நடுங்கிக்கொண்டே போவான். அந்தக் கூண்டு கற்பனையில் முளைத்தது இல்லை.

அதே பன்யன் கதையைத்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காப்பியமாக்கி 1894இல் வெளியிட்டார். திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றவர். மொழிபெயர்ப்பு என்று அதைச் சொல்ல முடியாது. மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பாட்டு, நடு நடுவே தேவாரம் என்றே பெயரிட்ட பதிகங்கள். பன்யனிடம் இருக்கும் அந்த இரும்பின் குளிர் பிள்ளையிடம் எனக்குத் தட்டுப்படவில்லை. கூண்டுக்காரனின் திகிலைவிட, அடைக்கலம் கிடைத்தவனின் கரைதல்தான் தூக்கலாகக் கேட்கிறது. காரணம் அவருடைய நாக்கு என்று நினைக்கிறேன். அருள் என்ற சொல்லை ஆழ்வார்கள் ஆயிரம் வருஷம் பழக்கிவைத்த மொழி இது. அதில் உட்கார்ந்து கால்வினின் கறார்க் கணக்கை எழுதினால் கணக்கு கொஞ்சம் நெகிழத்தான் செய்யும்.

இந்தச் சண்டையே நமக்குப் புதிதில்லை. வைணவத்தில் வடகலை, தென்கலை என்று பிரிந்ததற்குப் பதினெட்டுக் காரணம் சொல்வார்கள். நெற்றியில் போடும் நாமம்தான் ஊருக்குத் தெரியும். உள்ளே இருப்பது குரங்கும் பூனையும். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், தாய் தாவும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகும். மனிதன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிறவர்கள் வேதாந்த தேசிகர் பக்கம். காரணமே கேட்காத கருணை என்கிறவர்கள் பிள்ளை உலகாசிரியர் பக்கம். ஹாலந்தில் டார்ட் என்ற ஊரில் 1618இல் சபைப் பெரியவர்கள் மாநாடு கூட்டி மாசக்கணக்கில் சண்டை போட்டது ஏறக்குறைய இதே விஷயத்துக்குத்தான். ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானியர் இந்த ஒற்றுமையைக் கண்டு அசந்துபோய் 1930இல் ஒரு புத்தகமே எழுதினார்.

பூனை உவமையில் கவனிக்க வேண்டியது, அது குட்டியின் பக்கம் நின்று சொல்லப்படுவது. நான் ஒன்றும் செய்யவில்லை, என்னைத் தூக்கிவிட்டாள் என்று குட்டி சொல்கிறது. பவுல் சொல்வதும் அதுதான். சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்த என்னையே எடுத்துக்கொண்டார் என்கிறார். பள்ளியில் தன்மை, முன்னிலை, படர்க்கை படித்திருப்பீர்கள். 'என்னைத் தெரிந்துகொண்டார்' என்று தன்மையில் சொன்னால் அது நன்றி. 'அவர்களைத் தள்ளிவிட்டார்' என்று அதே வாக்கியத்தைப் படர்க்கைக்கு மாற்றினால், பேசுகிறவர் சத்தமில்லாமல் நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். தீர்ப்பு கடவுளுக்கு மட்டுமே உரியது என்று தலைப்பில் போட்டுவிட்டு, மூன்றாம் பத்தியில் அவருக்குப் பதிலாகத் தீர்ப்பை வாசிப்பது ஏகாதிபத்தியத்தை ஏற்பது ஆகாது. அதைக் கைப்பற்றுவது. எஸ்டேட் சுவர் எழுதினவர்களுக்கு இதற்குப் பெயர் தெரியும்.

இதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. 2015 வெள்ளத்தைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டால், ஏரியில் ப்ளாட் போட்டவர்களும் மதகு திறந்தவர்களும் கணக்கிலிருந்து விடுதலை. அது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று 2018இல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கை சொன்னது. நோட்டீஸ்காரருக்கு ஒரு பிரதி அனுப்பலாம்.

வேளாங்கண்ணி விஷயத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 காலை கடற்கரையில் இருந்த நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் போனார்கள். கோயிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். தண்ணீர் கோயிலுக்குள் வரவில்லை. அற்புதம் என்று எழுதினார்கள். தப்பியவர்கள் கண்ணீரோடு அப்படிச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது தன்மை. ஆனால் அதை ஒரு விதியாக்கினால் 1755 நவம்பர் 1 குறுக்கே நிற்கும். லிஸ்பனில் சகல பரிசுத்தவான்கள் திருநாள். காலைப் பூசைக்கு ஜனங்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த நேரம் பூகம்பம் வந்தது. கூரை விழுந்து செத்தவர்கள் கோயிலுக்குள் இருந்தவர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அன்றைக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதில் கட்டுமரக்காரர்களும் குழந்தைகளும் எத்தனை பேர். அவர்களில் யார் கௌரவப் பாத்திரம், யார் மட்டப் பாத்திரம் என்று பிரிக்க எந்தப் பவுலும் உரிமை கொடுக்கவில்லை.

இதே கேள்வியை இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்திருக்கிறார்கள். அன்றைய தினத்தந்திச் செய்தி. அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே எடுத்துக் கேட்டு, அவரே இல்லை என்று சொல்லிவிடுகிறார். அடுத்த மூச்சில், நீங்களும் மனம் திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள் என்று கேட்கிறவர்கள் பக்கம் விரலைத் திருப்புகிறார். தீர்ப்பு உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. செத்தவனைக் காட்டி அதை விளக்க முடியாது என்கிறார். நோட்டீஸுக்கு எழுதப்பட்ட மறுப்பு, இரண்டாயிரம் வருஷம் முன்பே, அவர்கள் பையில் இருக்கும் அதே புத்தகத்தில்.

நேற்று அக்கா மறுபடி கேட்டார். "அன்னிக்கு மடிச்சு வெச்சுக்கிட்டீங்களே, என்னதான் சார் இருந்துச்சு அதுல?"

நோட்டீஸை விட்டுவிட்டு, கோபுரக் கதையைச் சொன்னேன்.

"பதினெட்டு பேரா? அவங்க என்ன தப்பு பண்ணாங்களாம்?"

"மத்தவங்களவிட ஒண்ணும் அதிகமா பண்ணலைன்னு அவரே சொல்லியிருக்கார்க்கா."

"அப்புறம் எதுக்கு விழுந்துச்சாம்?"

"அதைச் சொல்லலை."

அக்கா கொஞ்ச நேரம் பாய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அண்ணி செருப்பு மட்டும் கெடைச்சுது சார்" என்றார். பிறகு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உங்களுக்குச் சக்கரை கம்மிதானே?" என்றார்.